டன்ஹோமுக்கு நான் போட்ட போன்

பிப்ரவரி 3, திங்கள்

"சும்மா ரேடியோவையே கேட்டுக் கேட்டு ரத்தக்கொதிப்ப ஏத்திக்கிடாதீங்கப்பா. எதாவது எழுதுங்க" என்று உலகு இந்த நோட்டை வாங்கித் தந்தாள். எழுதச் சொல்லி எனக்கு ஒருத்தி சொல்ல வேண்டுமா? தென்காசி முன்சீப் கோர்ட்டில் முப்பத்துநாலு வருஷம் எழுதிய கை இது.

என் மகள் உலகம்மையும் மாப்பிள்ளையும் காலை ஏழரைக்குக் காரில் ஏறினால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். டெக்ஸாஸ் என்று பெயர்தான் பெரிது. இந்தத் தெருவில் மனுஷ முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும் வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அவள் அம்மா போன பிறகு தென்காசி வீட்டிலும் தனிமைதான், ஆனால் அங்கே பால்காரனாவது சண்டைக்கு வருவான். இங்கே அடுப்படி ரேடியோ ஒன்றுதான் துணை. ஒன்பது மணிக்கு ராய் டன்ஹோம் வருவார். பன்னிரண்டு வரை மூச்சுவிடாமல் பேசுவார். மாப்பிள்ளைக்கு அவரைக் கண்டாலே ஆகாது. எனக்கு அவர் சுற்றி வளைக்காமல் பேசுவது பிடித்திருக்கிறது.

இன்று ஒரு நீதிபதியைப் பிடித்துக்கொண்டார். அதிபர் போட்ட உத்தரவுக்கு ஏதோ ஓர் ஊர் நீதிபதி தடை விதித்துவிட்டாராம். "இந்த ஆளுக்கு யார் ஓட்டுப் போட்டது?" என்று கத்துகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் முன்சீப் தடை உத்தரவு போட்டால் கலெக்டர் ஜீப்பே திரும்பிப் போகும், கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்சீப்புக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்? ஆனால் வரிசையில் நிற்காமல் உள்ளே புகுந்தவனை வெளியே அனுப்பு என்றாரே, அது நியாயம். நான் விசாவுக்காக சென்னை வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேன்!

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று மாப்பிள்ளையின் கார் டயர் பஞ்சர். அவரோடு டயர் கடைக்குப் போனேன். அங்கேயும் டன்ஹோம் குரல்! சனிக்கிழமை பழைய பேச்சை மறுபடி போடுவார்களாம். கடை முதலாளி, வெள்ளைக்காரர், வாரம் முழுக்க இதே நிலையத்தைத்தான் வைத்திருப்பாராம். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த ஆள் நான் மாப்பிள்ளையிடம் பேசுவதைக் கேட்டுத் தலையைத் தூக்கினார். "ஐயா தமிழோ?" என்று கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

பெயர் சிவநேசன். ஊர் யாழ்ப்பாணப் பக்கம் கரவெட்டி. எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை என் கையை இடித்தார். அந்த மனுஷன் கோபப்படவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மெக்சிகோ எல்லை வழியாக வந்து அடைக்கலம் கேட்டாராம். கோர்ட் மறுத்துவிட்டது, அப்பீலும் போய்விட்டது. ஆனால் திருப்பி அனுப்பவில்லை. வருஷத்துக்கு ஒரு தவணை, குடியேற்ற அலுவலகத்துக்குப் போய், இங்கேதான் இருக்கிறேன் என்று காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அப்படிப் போய்வரும் வரை வேலை செய்ய அட்டை கொடுத்திருக்கிறார்கள்.

டன்ஹோம் திட்டுகிற ஆள் நேரிலேயே நிற்கிறார். பார்த்தால் நல்ல மனுஷனாக இருக்கிறார். என்ன செய்ய?

பிப்ரவரி 26, புதன்

மழை. டன்ஹோம் விடுமுறையில் போய்விட்டாராம், பதிலுக்கு ஒரு சோப்ளாங்கி பேசினான். அணைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சிவநேசன் இப்போது ஞாயிறுதோறும் தன் பழைய வேனில் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறார். மனைவி யோகமலர், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் தர்ஷிகா. குழந்தை இங்கேயே பிறந்தவள், இந்த நாட்டுக் குடிமகள். எனக்குக் கண்ணில் புரை வளர்கிறதென்று ஆஸ்பத்திரிக்குத் தேதி வாங்கிக் கொடுத்ததும் சிவநேசன்தான். பெற்ற பிள்ளைகளுக்கு வேலை தலைக்கு மேல்.

இன்று தன் வழக்குக் காகிதங்களை ஓர் அரிசிப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. மேலே இருக்க வேண்டியது கீழே, கீழே இருக்க வேண்டியது காணோம்! சாப்பாட்டு மேஜையில் பரப்பி, தேதிவாரியாக அடுக்கி, பக்க எண் போட்டு, முகப்பில் அட்டவணை எழுதினேன். விட்ட இடங்களை அவரிடமே கேட்டு நிரப்பினேன். வந்த புதிதில் எப்படிப் பிழைத்தீர்கள் என்றேன். கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்குச் சொல்ல என்ன ஐயா, நீங்கள் கோட்டுக்காரர். முதல் ரெண்டு வருசம் அட்டை இல்லாமத்தான் இந்தக் கடையில வேலை செய்தனான். முதலாளி காசாக் கையில தந்தவர். நல்ல மனுசன், பாவம் பாத்தவர்" என்றார். அதை அட்டவணையில் நான் சேர்க்கவில்லை.

யோகமலர் இடியப்பமும் சொதியும் கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்று டன்ஹோம் வெளிநாட்டு விவகாரம். தன் நாட்டு ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ளாத நாட்டுக்கு உதவியை நிறுத்து, சரக்குக்கு வரியைத் தீட்டு, தானாக வழிக்கு வரும் என்கிறார். சண்டை முடிந்த நாட்டுக்காரனுக்கு இன்னும் எதற்கு அடைக்கலம் என்றும் கேட்டார். கேள்வி சரியாகத்தான் பட்டது.

சாயங்காலம் சிவநேசன் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தபோது அதையே அவரிடம் கேட்டேன். "சண்டை முடிஞ்சு பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சே சிவநேசன். இன்னும் என்ன பயம்?"

"சண்டை முடிஞ்சது ஐயா. என்ர அண்ணைய ஆமிக்காரர் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவை. திருப்பித் தரேல்ல. எங்க எண்டு நான் போய்க் கேட்டனான். கேட்டாப் பிறகுதான் என்னையும் தேடி வீட்டுக்கு வந்தவை. அம்மா இப்பவும் அண்ணையின்ர படத்த வச்சுக்கொண்டு மற்றத் தாய்மாரோட ரோட்டில போராட்டத்தில இருக்கிறா" என்றார்.

கத்தரிக்காயை எடுத்து உள்ளே வைத்தேன். நான் கேட்டிருக்கக் கூடாது.

ஏப்ரல் 2, புதன்

டன்ஹோமிடம் பேசிவிட்டேன்! ஒலிபரப்பில், நாலு நிமிஷம்!

காலையில் மறுபடி நீதிபதிகள் மேல் பாய்ந்தார். தவணை கொடுத்து வெளியே விட்டால் இவர்கள் எவனும் திரும்பி வருவதில்லை, ஓடிவிடுகிறார்கள் என்றார். "ஒருத்தனைக் காட்டுங்கள், ஒரே ஒருத்தன்!" என்று சவால் விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. காட்ட ஆளிருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதா? நம்பரை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்து, யார், என்ன பேசப் போகிறீர்கள் என்று விசாரித்துக் காத்திருக்கச் சொன்னாள். நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். அடுப்பில் சாதம் அடிப்பிடித்தது, போகட்டும் என்று விட்டேன்.

"இந்தியாவிலிருந்து நம் நண்பர் நாயகம்" என்றார் டன்ஹோம். ஆவுடைநாயகம் என்ற என் பெயரில் ஆவுடை அவர் வாயில் நுழையவில்லை. நான் வணக்கம் சொல்லி ஆரம்பித்தேன். பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில், விலாசம். இந்த ஐந்தும் இல்லாத வாக்குமூலத்தை நான் பெஞ்சுக்கு அனுப்பியதே கிடையாது. மொட்டையாக ஒருத்தர் இருக்கிறார் என்றால் எவன் நம்புவான்? வல்லிபுரம் மகன் சிவநேசன், வயது நாற்பத்திரண்டு, இன்ன டயர் கடையில் வேலை, இன்ன குடியிருப்பில் வாசம் என்று கணீரென்று சொன்னேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தவணைகூடத் தவறாதவர், வரும் பத்தாம் தேதி காலை ஒன்பதுக்கும் அலுவலக வாசலில் நிற்பார், வேண்டுமானால் நீங்களே வந்து பாருங்கள் என்றேன்.

அவர் ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். இந்த நண்பர் வந்த நாளிலிருந்தே அனுமதியோடுதான் வேலை செய்தாரா என்று. நான் பொய் சொல்லுகிறவனா? முதல் இரண்டு வருஷம் அட்டை இல்லை, கையில் காசாக வாங்கினார், வயிறு என்று ஒன்று இருக்கிறதே என்றேன். டன்ஹோம் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று எனக்குப் பிடிபடவில்லை. "நன்றி ஐயா. நம் அதிகாரிகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்" என்றார். நானும் நன்றி சொன்னேன். அதிகாரிகள் காதுக்கு நல்ல பெயர் போனால் நல்லதுதானே.

உலகுவிடம் சொல்லவில்லை, ரேடியோ என்றாலே முகத்தைத் தூக்கிக்கொள்வாள். சிவநேசனிடம் பத்தாம் தேதி நல்லபடியாக முடிந்த பிறகு சொல்லலாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. சொன்ன நேரத்துக்கு சிவநேசன் வந்து நின்றார். வேலை நாளாயிற்றே என்றேன். புதன்கிழமையோடு கடை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்களாம்.

"என்னய்யா திடீர்னு? என்ன காரணமாம்?"

"ஒண்டும் சொல்லேல்ல ஐயா. என்ர முகத்தப் பாக்காமக் காசத் தந்திட்டுப் போகச் சொன்னவர்."

இத்தனை வருஷம் உழைத்தவனை இப்படியா செய்வது? முதலாளிகளே இப்படித்தான். வேனில் போகும்போது, "ஐயா ரேடியோ கேக்கிறனீங்களோ?" என்று கேட்டார். எப்போதாவது கேட்பேன் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துப் படியேற்றினார். சொட்டு மருந்தை எப்படி விட வேண்டும் என்று நர்ஸிடம் இரண்டு முறை கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார்.

ஏப்ரல் 10, வியாழன்

நானும் போயிருந்தேன். நான் அடுக்கிய ஃபைல் அவர் கையில். யோகமலரும் நானும் வேனில் இருந்தோம். எட்டு ஐம்பதுக்கு உள்ளே போனார். எப்போதும் அரை மணி நேர வேலை என்றாள் யோகமலர். பத்தாயிற்று. பதினொன்றாயிற்று. பன்னிரண்டரைக்கு ஒரு சிப்பந்தி வந்து அவள் பெயரைக் கேட்டு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தான். உள்ளே பெல்ட், கைப்பேசி, பிள்ளையார் மாட்டிய வேன் சாவிக்கொத்து, கல்யாண மோதிரம்.

அவள் அழவில்லை. "ஐயா, உங்களுக்குச் சட்டம் தெரியும்தானே. இதுக்கு என்ன அர்த்தம்?" என்று என்னைக் கேட்டாள். அடைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

இப்போது எல்லா அலுவலகத்திலும் இப்படித்தானாம், கையெழுத்துப் போட வருகிறவர்களை அப்படியே பிடிக்கிறார்களாம். மாப்பிள்ளை சொன்னார். எப்படியும் நடந்திருக்கும். எப்படியும் நடந்திருக்கும்.

ஏப்ரல் 11, வெள்ளி

வெண்டைக்காய் நறுக்கினேன். சொட்டு மருந்து மூன்று வேளை.

ஏப்ரல் 13, ஞாயிறு

தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப்பில் ஓர் ஒலித்துண்டு வந்திருக்கிறது. யாரோ ஒரு தாத்தா ரேடியோவில் நம் ஆளையே காட்டிக் கொடுத்திருக்கிறார், இந்தக் குரல் யாருடையது என்று தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். உலகு அதை என் முன்னால் வைத்து ஓடவிட்டாள். என் இங்கிலீஷ் நன்றாகத்தான் இருந்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? அட்ரஸ் மொதக்கொண்டு சொல்லிருக்கீங்களேப்பா!"

"ஏட்டி, நல்லதுக்குத்தான் சொன்னேன். அவரு ஒழுங்கான ஆளுன்னு..."

"யாருகிட்டப்பா சொன்னீங்க? யாருகிட்டப் போயி சொன்னீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில்கூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் செய்ததுதான். இந்த நோட்டில் இனிமேல் வேறு மாதிரி எழுதிப் பிரயோசனமில்லை. அந்தக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியது நான்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. உலகு லீவு போட்டுப் பாயசம் வைத்தாள், யாரும் குடிக்கவில்லை.

மத்தியானம் யோகமலர் வந்தாள். இலவசமாக வழக்கு நடத்தும் ஒரு வக்கீலம்மா கிடைத்திருக்கிறார்களாம். வெளியேற்றத்துக்குத் தடை கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள், விசாரணை 22ஆம் தேதி. அரசு தரப்பில் அந்த ரேடியோப் பேச்சை அப்படியே தட்டச்சுச் செய்து காகிதத்தோடு இணைத்துவிட்டார்களாம், அனுமதி இல்லாமல் வேலை செய்தவர் என்பதற்கு அதுதான் அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். பேசிய ஆள் முன்வந்து, நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன், நேரில் பார்த்ததில்லை என்று ஒரு சத்தியப் பிரமாணம் கொடுத்தால் அதை உடைத்துவிடலாம் என்றார்களாம்.

கேள்விப்பட்டதைச் சொல்வது சாட்சியம் ஆகாது. முப்பத்துநாலு வருஷத்தில் இதை எத்தனை பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பேன்!

"கோட்டு ஐயா, நாயகம் எண்டு ஆரோ ஓராளாம், இந்தியாக்காரராம். கோயிலில ஆரையும் உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். அவளுக்கு நான் கோர்ட்டில் இருந்த கோட்டு ஐயா மட்டும்தான், பெயர் தெரியாது. உலகு அடுப்படியில் பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

தெரியாதும்மா என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

பிரமாணத்தை எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம், பத்தி பத்தியாக எண் போட்டு. கையெழுத்துப் போடப் போகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன்.

"மாமா, நீங்க விசிட்டர் விசாவுல வந்திருக்கீங்க. எங்க கிரீன் கார்டு பேப்பர் இப்பத்தான் மேல போயிருக்கு. இந்த வீட்டுப் பேரு அதுல அடிபட்டா எங்க பதினோரு வருசமும் போச்சு மாமா. நான் உங்களச் செய்யாதீங்கன்னு சொல்லல" என்றார்.

உலகு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். நான் என்ன செய்ய? ஒரு பக்கம் பெற்ற பிள்ளை. ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை முன்னுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை இல்லை, அதற்கடுத்த ஞாயிறு. பிரமாணத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. நான் கோழை. இதை எழுத மட்டும் எனக்குத் தைரியம் இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

பத்து மணிக்கு விசாரணை. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு தடவை எழுந்து போய் அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பார்த்தேன், திரும்பி வந்து உரித்தேன். பதினொன்றரைக்கு உலகு ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள்.

"தள்ளுபடி ஆயிருச்சுப்பா. நீங்க சாப்பிட்டு மாத்திரையப் போடுங்க."

ரேடியோவில் டன்ஹோம் வேறு ஏதோ ஊரில் வந்த வேறு ஏதோ தீர்ப்பைக் கொண்டாடிக்கொண்டிருந்தார். கடைசியில் சட்டத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு நீதிபதி கிடைத்துவிட்டார் என்றார். இவர் என் பெயரைக்கூட மறந்திருப்பார். பிளக்கைப் பிடுங்கினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

பெட்டி கட்டியாயிற்று. காலை பத்தரைக்கு என் கைப்பேசி அடித்தது. தடுப்பு மையத்திலிருந்து அழைப்பு, பேசச் சம்மதமென்றால் ஒன்றை அழுத்தவும் என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

"ஐயா, சுகமோ? கண் எப்பிடி?" என்றார் சிவநேசன்.

கண் நன்றாக இருக்கிறது என்றேன். திங்கட்கிழமை கொழும்புக்கு ஏற்றுகிறார்களாம். பத்து நிமிஷம்தான் பேசலாமாம். யோகமலரிடம் பேசி முடித்துவிட்டாராம், மிச்சமிருக்கும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் எப்படியோ வாயைத் திறந்து, "சிவநேசன், அந்த ரேடியோவுல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் ஐயா. அண்டைக்கே கேட்டனான். நான் கடையில டயர் மாத்திக்கொண்டு நிண்டனான். உங்கட குரல் எண்டு உடன விளங்கிட்டுது. முதலாளியும் பக்கத்திலதான் நிண்டவர்" என்றார். குரலில் கோபம் என்று ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

நாலாம் தேதி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போதே இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"யோகத்துக்கு நான் சொல்லேல்ல. நீங்களும் சொல்லாதேங்கோ. அவவுக்கும் பிள்ளைக்கும் இனி இஞ்ச ஆர் இருக்கினம்? உங்கட மகள் நல்ல பிள்ளை, கொஞ்சம் பாத்துக்கொள்ளச் சொல்லுங்கோ."

"தெரிஞ்சுமா போனீங்க? பத்தாம் தேதி ஏன்யா போனீங்க? எங்கயாவது போயிருக்கலாமே! வேற ஊருக்குப் போயிருக்கலாமே!" என்று கத்தினேன். அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"யோகமும் அதத்தான் சொன்னவ. போகாதேங்கோ, எல்லா இடமும் பிடிக்கினமாம் எண்டு. நானும் யோசிச்சனான் ஐயா. வேனில சாமானெல்லாம் ஏத்தியாச்சு. பிறகு நான்தான் வேண்டாமெண்டு இறக்கினனான்" என்று கொஞ்சம் நிறுத்தினார். "நீங்கள் அவ்வளவு சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டியள், ஒரு தவணையும் தவறாதவன், பத்தாம் தேதி ஒம்பது மணிக்கு வாசலில நிப்பான் எண்டு. அதுக்குப் பிறகு நான் எப்பிடி ஐயா போகாம விடுறது?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"ஐயா? இருக்கிறீங்களோ?" என்று கேட்டார். அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். பிறகு நேரம் முடிந்துவிட்டது என்று பதிவுக் குரல் சொன்னது.